கஜானா சாவி யாரிடம்?

புரட்சி செய்து ஆட்சியைப் பிடித்த கட்சிகள் அப்புறம் எப்படித்தான் ஆள்கின்றன என்று போன இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டே வரியில் பதில் சொல்லித் தப்பித்துவிட்டேன். நீங்கள் விடவில்லை. இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே. சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. கணக்குத் துறையில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். யார் ஆட்சிக்கு வந்தாலும் என் கண் முதலில் கஜானாப் பக்கம்தான் போகும்.

கேள்வி: அரண்மனையைப் பிடித்தாயிற்று, கொடியும் ஏற்றியாயிற்று. மறுநாள் காலையில் அலுவலகம் திறந்ததும் என்ன நடக்கும்? இதை யாரும் எழுதக் காணோமே?

எழுதியிருக்கிறார்கள். பெரிய வரலாறுகளில் ஒரு பத்தியாகச் சுருங்கிவிடும். கூட இருந்தவர்களின் நினைவுக் குறிப்புகளில்தான் விரிவாகக் கிடைக்கும். அன்றைய ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராடையே எடுத்துக்கொள்வோம். 1917 அக்டோபர் 25, இன்றைய நாட்காட்டிப்படி நவம்பர் 7. அன்று இரவு லெனினின் கட்சிக்காரர்களான போல்ஷெவிக்குகள் குளிர்கால அரண்மனையைப் பிடித்தார்கள். அடுத்த நாளே சமாதானம் பற்றி ஓர் ஆணை, நிலம் பற்றி ஓர் ஆணை, லெனின் தலைமையில் மக்கள் கமிசார்கள் அவை என்று ஓர் அரசாங்கம் (அமைச்சருக்கு அவர்கள் வைத்த பெயர்தான் கமிசார்). காகிதத்தில் எல்லாம் கச்சிதம்.

இந்த அரசாங்கம் உட்கார்ந்த இடம் ஸ்மோல்னி என்ற கட்டடம். அதற்குமுன் அது பிரபுக்கள் வீட்டுப் பெண்களுக்கான பள்ளிக்கூடம். அங்கே ஓர் அறையில் ஒரு சோபா, அதன்மேல் ‘நிதி மக்கள் கமிசாரியட்’ என்று எழுதிய காகிதம். சோபாவில் மென்ஜின்ஸ்கி என்பவர் களைத்துப்போய்ப் படுத்திருக்கிறார். அந்த நாட்டின் நிதி நிர்வாகம் அவ்வளவுதான்! வேலை கேட்டு பெஸ்த்கோவ்ஸ்கி என்ற போலந்துக்காரர் உள்ளே வருகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். லண்டன் பல்கலைக்கழகத்தில் படித்தேன், நிதியியலும் அதில் ஒரு பாடம் என்கிறார். அப்படியானால் அரசு வங்கிக்கு நீங்கள்தான் தலைவர் என்று சொல்லி, உடனே நியமன ஆணையும் போட்டுவிடுகிறார்கள். இதை அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பதவியில் அவர் நிலைக்கவில்லை. அப்புறம் ஸ்டாலினின் தேசிய இனங்கள் துறைக்குப் போய்விட்டார்.

ஏன் நிலைக்கவில்லை? வங்கியில் அவர் பேச்சை யாரும் கேட்கத் தயாரில்லை. அமைச்சக ஊழியர்கள், வங்கி ஊழியர்கள் எல்லோரும் வேலைநிறுத்தம். வெளியுறவுக் கமிசாரான ட்ராட்ஸ்கி தன் அமைச்சகத்துக்குப் போனபோது ஊழியர்கள் ஒத்துழைக்க மறுத்துக் கலைந்துபோனார்கள். அரசு வங்கியிடம் புதிய அரசாங்கம் 1 கோடி ரூபிள் கேட்டது. முறையான அதிகாரம் உள்ளவர் கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் தர முடியாது என்று வங்கி கையை விரித்துவிட்டது. துப்பாக்கியோடு ஆட்கள் போனார்கள், அப்படியும் நடக்கவில்லை. என் அனுபவத்தில் சொல்கிறேன், பில்லை நிறுத்திவைப்பதென்று ஒரு குமாஸ்தா முடிவு செய்துவிட்டால் அவரை அசைப்பது லேசில்லை.

கடைசியில் வங்கித் தலைமையை மாற்றி, ஆயுதக் காவலோடு போய், 50 லட்சம் ரூபிளை மூட்டை கட்டி ஸ்மோல்னிக்குக் கொண்டுவந்தார்கள். அதை எங்கே வைப்பது? ஒரு பழைய துணி அலமாரியில் வைத்து, சுற்றி நாற்காலிகளைப் போட்டு, ஒரு காவலாளையும் நிறுத்தினோம் என்று அவையின் செயலாளராக இருந்த கோர்புனோவ் எழுதுகிறார். சோவியத் அரசின் முதல் கஜானா அந்தத் துணி அலமாரிதான்.

இதில் சிரிக்க நிறைய இருக்கிறது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் செக்கா என்ற ரகசியப் போலீஸ் பிறந்தது. உடனடிக் காரணம் என்ன தெரியுமா? நாடு தழுவிய அரசு ஊழியர் வேலைநிறுத்தம் ஒன்று வரப்போகிறது என்ற பயம். அதைச் சமாளிக்க வழி பார்க்கச் சொல்லி ஜெர்ஜின்ஸ்கி என்ற கட்சித் தலைவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். கோப்பை நகர்த்த மறுத்த குமாஸ்தாவைப் பணியவைக்க உண்டான அமைப்பு, பிறகு யார் யார் வீட்டுக் கதவையெல்லாம் தட்டியது என்பது உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: வங்கியைப் பிடிப்பது அவ்வளவு முக்கியமா? மக்கள் ஆதரவு இருந்தால் போதாதா?

1871-இல் பாரிஸ் மக்கள் கிளர்ந்தெழுந்து அமைத்த நகர ஆட்சியான பாரிஸ் கம்யூனுக்கு ஆதரவு இருந்தது. பிரான்ஸ் வங்கியும் அவர்கள் ஆண்ட ஊருக்குள்ளேயே இருந்தது. கை வைக்கவில்லை, மரியாதையாகக் கடன் கேட்டு வாங்கினார்கள். அப்படிக் கிடைத்தது ஒன்றரைக் கோடி பிராங்குக்குச் சற்று மேல். அதே வங்கி அவர்களை ஒழிக்க வெர்சாயில் படை திரட்டிக்கொண்டிருந்த அரசாங்கத்துக்குக் கொடுத்ததோ அதைப்போலப் பல மடங்கு. மார்ச் 18-இல் தொடங்கிய கம்யூன் மே 28-இல் ரத்த வெள்ளத்தில் முடிந்தது. வங்கியைப் பிடித்திருந்தால் அது பத்தாயிரம் பிணைக்கைதிகளைவிட மேலாக இருந்திருக்கும் என்று எங்கெல்ஸ் பிறகு குறைபட்டுக்கொண்டார். லெனின் கம்யூனை வரிக்கு வரி படித்தவர். 1917 டிசம்பரிலேயே தனியார் வங்கிகளையும் அரசுடைமை ஆக்கியது சும்மா இல்லை.

வங்கியே வேண்டாம், பணமே வேண்டாம் என்று கிளம்பியவர்களும் உண்டு. 1975 ஏப்ரல் 17-இல் கம்போடியத் தலைநகர் நாம்பென்னுக்குள் நுழைந்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை. தேசிய வங்கிக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். புதிதாக நோட்டு அச்சடித்து வைத்திருந்தும் புழக்கத்தில் விடவில்லை. நகரத்தையே காலி செய்து, நோயாளிகள் உட்பட எல்லோரையும் வயலுக்கு விரட்டினார்கள். நான்கு ஆண்டுகூட ஆகவில்லை, 15 லட்சத்திலிருந்து 20 லட்சம் பேர்வரை செத்துப்போனார்கள். சம்பளம் இல்லை, சந்தை இல்லை, கூட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் கட்சி அளந்து ஊற்றும் கஞ்சிதான். பணம் இருந்தவரை, பிடிக்காத மேலதிகாரியைவிட்டு விலகி வேறெங்காவது போய் ஒரு வாய் சோறு வாங்கிச் சாப்பிடலாம். அந்த வழியும் அடைபட்டது.

கேள்வி: பழைய ஆட்சியின் அதிகாரிகளையே மறுபடி வைத்துக்கொள்கிறார்களே, இது துரோகம் இல்லையா?

துரோகம் என்று கட்சிக்குள்ளேயே சத்தம் போட்டவர்கள் உண்டு. ட்ராட்ஸ்கி செஞ்சேனையைக் கட்டியபோது ஜார் படையின் பழைய அதிகாரிகளை ஆயிரக்கணக்கில் சேர்த்தார். உள்நாட்டுப் போர் முடியும்போது கிட்டத்தட்ட 50,000 பேர். ஒவ்வொருவர் பக்கத்திலும் கண்காணிக்க ஒரு கட்சிக் கமிசார். அதிகாரி ஓடிப்போனால் குடும்பத்தைப் பிடிக்க முகவரி தயார். சாமர்த்தியம்தான், கொடூரமும்தான். ஆனால் பீரங்கியைக் குறிபார்த்துச் சுடத் தெரிந்தவன் அவன்தானே!

சீனாவில் 1949-இல் நகரங்களைப் பிடித்தபோது இன்னும் மென்மையாகச் செய்தார்கள். தோற்றுப்போன கோமின்டாங் கட்சி ஆட்சியின் ஊழியர்களில் பெரும்பாலோரை அப்படியே வேலையில் வைத்துக்கொண்டார்கள். கிராமத்திலேயே வளர்ந்த கட்சிக்கு ஷாங்காய் மின்நிலையத்தை ஓட்டத் தெரியாது என்பது மேலே இருந்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

விளைவு என்ன என்பதை லெனினே 1922-இல் கட்சியின் 11-ஆவது மாநாட்டில் போட்டு உடைத்தார். மாஸ்கோவில் பொறுப்பான பதவிகளில் 4,700 கம்யூனிஸ்டுகள் இருக்கிறார்கள். எதிரே மலைபோல அதிகார வர்க்கம். யார் யாரை நடத்துகிறார்கள்? கம்யூனிஸ்டுகள் நடத்துகிறார்கள் என்று தன்னால் சொல்ல முடியவில்லை என்றார். அதே ஆண்டு இறுதியில், படுக்கையில் விழுந்த நிலையில், இது ஜார் காலத்து இயந்திரம்தான், மேலே கொஞ்சம் சோவியத் எண்ணெய் தடவியிருக்கிறோம் என்ற பொருளில் எழுதச் சொன்னார். ஆட்சியில் இருந்துகொண்டே தன் ஆட்சியைப் பற்றி இப்படிப் பேசிய தலைவர்கள் அதிகம் பேர் இல்லை. ஆனால் அவர் சொன்ன மருந்து, இன்னும் நல்ல கட்சிக்காரர்களாகப் பார்த்து மேற்பார்வைக்குப் போடுவது. அதாவது இன்னொரு அலுவலகம். தணிக்கைப் பிரிவைத் தணிக்கை செய்ய ஒரு பிரிவு கேட்டு வந்த கோப்புகளை நானும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நாட்டுக்கு அதிபர் இருக்கிறார், பிரதமர் இருக்கிறார். கட்சிச் செயலாளருக்கு மட்டும் ஏன் அவ்வளவு பவர்?

நல்ல கேள்வி. இந்த இதழுக்கு வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி.

1922 ஏப்ரலில் ஸ்டாலின் பொதுச் செயலாளர் ஆனபோது யாரும் புருவத்தை உயர்த்தவில்லை. பேச்சாளர்களும் சிந்தனையாளர்களும் நிறைந்த கட்சி அது. கடிதம் பிரிப்பது, நிகழ்ச்சி நிரல் தயாரிப்பது, ஆளை ஊருக்கு ஊர் அனுப்புவது எல்லாம் சலிப்பான வேலை; யாராவது செய்தால் சரி என்று விட்டார்கள். உறுப்பினர் விவரங்களை அட்டைகளில் எழுதி அடுக்கிவைத்திருந்ததால் ‘தோழர் கார்டு அட்டை’ என்று அவரைக் கேலியும் செய்தார்களாம்.

அந்த அட்டைகளை வைத்து வேலை செய்ய ஒரு பிரிவு இருந்தது. பதிவும் பணியமர்த்தலும் அதன் வேலை. 1923 மாநாட்டுக்கு முந்தைய ஓராண்டில் மட்டும் அது போட்ட நியமனங்கள் 10,000-க்கு மேல். யோசித்துப் பாருங்கள். ஒரு மாகாணத்துக்குக் கட்சிச் செயலாளராக யார் போவது என்று இந்தப் பிரிவு முடிவு செய்கிறது. அவர் அங்கே போய் மாநாட்டுப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வைக்கிறார். அந்தப் பிரதிநிதிகள் மாஸ்கோவுக்கு வந்து மத்தியக் குழுவுக்கு வாக்களிக்கிறார்கள். மத்தியக் குழு யாரைப் பொதுச் செயலாளராக வைத்துக்கொள்ளும்? ட்ராட்ஸ்கி மேடையில் எவ்வளவு அருமையாகப் பேசி என்ன, கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலருக்குப் போஸ்டிங் ஆர்டர் வேறோர் அறையிலிருந்து வந்திருந்தது.

அதற்கப்புறம் முக்கியமான பதவிகளுக்கெல்லாம் பட்டியல் போட்டார்கள். தொழிற்சாலை இயக்குநரோ பத்திரிகை ஆசிரியரோ, கட்சி ஒப்புதல் இல்லாமல் அந்தப் பட்டியலில் உள்ள பதவிக்கு ஆள் போட முடியாது. பின்னால் சீனாவிலும் வியட்நாமிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் ஆண்ட கட்சிகள் கொள்கையில் எவ்வளவோ வேறுபட்டிருக்கலாம். இந்தப் பட்டியலை மட்டும் யாரும் விடவில்லை. அரசியலமைப்புச் சட்டத்தை நான்கு முறை மாற்றினாலும் பட்டியல் இருக்கும்.

கியூபாவில் இதே விஷயம் வேறு வடிவில். 1959-இல் உருட்டியா அதிபர். முறையான அமைச்சரவை ஒன்றும் இருந்தது. ஆனால் மே மாதம் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்ததும் அதை நடத்த ஒரு நிறுவனம் தொடங்கி, பிடல் காஸ்ட்ரோவே அதற்குத் தலைவரானார். நிலத்தோடு சாலை, வீடு, தொழில் என்று ஒவ்வொன்றாக அந்த நிறுவனத்துக்குள் போனது. ஜூலையில் உருட்டியா ராஜினாமா. அந்த ஆண்டு நவம்பரில் தேசிய வங்கிக்குத் தலைவராக வந்தவர் சே குவேரா. பெசோ நோட்டில் வெறும் ‘சே’ என்று கையெழுத்துப் போட்டார். கணக்குத் துறைக்காரன் என்ற முறையில் அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும்.

கேள்வி: ஐயா, நீங்கள் புரட்சிக்கு எதிரி என்பது தெரிகிறது. நிலம் கிடைத்ததும் எழுத்தறிவு வந்ததும் உங்கள் கண்ணில் படாதா?

படுகிறது, கோபப்படாதீர்கள். கியூபாவில் 1961-இல் ஏறக்குறைய ஒரு லட்சம் இளைஞர்கள் கிராமங்களுக்குப் போய்ப் பாடம் நடத்தினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நூற்றுக்கு இருபதுக்கு மேல் இருந்தது, ஒரே ஆண்டில் நான்கு பேர் அளவுக்குக் குறைந்ததாக அரசு கணக்குக் காட்டியது. நிகராகுவாவில் 1980-இல் அங்கே ஆட்சியைப் பிடித்திருந்த சண்டினிஸ்டா புரட்சிக் கட்சிக்காரர்கள் ஐந்து மாதத்தில் இதையே செய்தார்கள். ஆப்பிரிக்க நாடான பர்கினா ஃபாசோவின் அதிபர் தாமஸ் சங்காரா அமைச்சர்களின் மெர்சிடிஸ் கார்களை விற்றுவிட்டு ரெனோ 5 என்ற சின்னக் காரில் போகச் சொன்னார். இதையெல்லாம் குறை சொல்பவன் நான் இல்லை.

ஆனால் இவை எல்லாமே படையெடுப்பு மாதிரியான வேலைகள். ஆள் திரட்டு, தேதி குறி, முடி. கெரில்லாவாக இருந்த கட்சிக்கு இது கைவந்த கலை. தானியக் கொள்முதல் அப்படியில்லை, ஆண்டுதோறும் வரும். 1917-இல் நிலத்தைக் கொடுத்த கட்சியே அடுத்த ஆண்டு ஆயுதக் குழுக்களைக் கிராமத்துக்கு அனுப்பித் தானியத்தைப் பிடுங்கியது. 1919 ஜனவரியிலிருந்து மாகாணத்துக்கு இவ்வளவு என்று கட்டாய ஒதுக்கீடு. எடுத்துக்கொண்டதற்கு ஈடாகக் கொடுக்கத் துணியும் இல்லை, ஆணியும் இல்லை. விவசாயி என்ன செய்வான்? தன் வீட்டுக்கு மட்டும் விதைத்தான். தாம்போவ் மாகாணம் முழுக்கக் கலகம். 1921 மார்ச்சில் பெட்ரோகிராடுக்கு அருகிலுள்ள குரோன்ஸ்டாட் கடற்படைத் தளத்தின் மாலுமிகளே கட்சிக்கு எதிராகத் திரும்பினார்கள். 1917-இல் புரட்சிக்குத் தோள் கொடுத்தவர்கள் அதே மாலுமிகள். அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்த 10-ஆவது மாநாட்டிலிருந்து முந்நூறு பிரதிநிதிகள் எழுந்துபோய், உறைந்த கடல்மேல் நடந்து அவர்களைச் சுட்டார்கள். அதே மாநாடு கட்டாயப் பறிமுதலை எடுத்துவிட்டு, விளைச்சலில் ஒரு பங்கு வரி, மீதியை விற்றுக்கொள் என்று சொன்னது. கலகக்காரர்கள் கேட்டதில் முக்கியமான ஒன்று அது! கூடவே, கட்சிக்குள் தனி அணி சேரக்கூடாது என்றும் தீர்மானம் போட்டார்கள். சந்தையைத் திறந்த கையோடு வாயை மூடினார்கள். வறட்சியும் சேர்ந்துகொள்ள, அதற்குள் பஞ்சம் வந்துவிட்டது. சுமார் 50 லட்சம் பேர் மாண்டார்கள்.

படையெடுப்புப் பழக்கம் அவ்வளவு சுலபத்தில் போகாது. கியூபாவில் 1970-இல் ஒரு கோடி டன் சர்க்கரை என்று இலக்கு வைத்து, அலுவலகக்காரர்களைக்கூடக் கரும்பு வெட்டக் கூட்டிப்போனார்கள். வந்தது 85 லட்சம் டன். அதுவே அங்கே சாதனை அளவுதான். ஆனால் மற்ற தொழில்களெல்லாம் அந்த ஆண்டு படுத்துவிட்டன.

கேள்வி: ஜெயித்த கையோடு தேர்தல் வைத்தால் என்ன?

வைத்தார்கள். 1917 நவம்பரில் ரஷ்யாவில் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடந்தது. போல்ஷெவிக்குகளுக்கு நான்கில் ஒரு பங்கு வாக்கு. விவசாயிகளின் ஆதரவு பெற்ற சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சிக்கு சுமார் 40 சதவீதம். 1918 ஜனவரியில் சபை ஒரே ஒருமுறை கூடியது. விடிகாலையில் ஒரு மாலுமி மேடைக்கு வந்து, காவலர்களுக்குக் களைப்பாக இருக்கிறது, கலைந்துபோங்கள் என்றார். அவ்வளவுதான்.

நேர்மாறாக நிகராகுவா. 1990 தேர்தலில் தோற்ற சண்டினிஸ்டாக்கள் எதிரணியின் வியோலெட்டா சமோரோவிடம் ஆட்சியை ஒப்படைத்தார்கள். ஆயுதமேந்தி வந்த கட்சி வாக்குக்குப் பணிந்து இறங்கியது பெரிய விஷயம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் தேர்தலுக்கும் பதவியேற்புக்கும் இடையில் கிடைத்த இரண்டு மாதத்தில் வீடு, நிலம் என்று அரசுச் சொத்து பலவற்றைத் தலைவர்கள் தங்கள் பெயருக்கும் வேண்டியவர்கள் பெயருக்கும் மாற்றிக்கொண்டார்கள். ‘பின்யாட்டா’ என்று ஊரே அதைச் சொன்னது. பிறந்தநாள் விழாவில் குழந்தைகள் அடித்து உடைத்து மிட்டாய் பொறுக்கும் பொம்மைக்கு அங்கே அதுதான் பெயர்.

கேள்வி: தியாகிகள் எப்படி சார் ஊழல் செய்கிறார்கள்?

மாவோவுக்கும் இந்தப் பயம் இருந்தது. 1949 மார்ச்சில் தலைநகருக்குக் கிளம்பும்போது, பரீட்சை எழுதப் போகிறோம், லி சிசெங் மாதிரி ஆகிவிடக்கூடாது என்றார். லி சிசெங் 1644-இல் பீஜிங்கைப் பிடித்து ஆறு வாரத்தில் இழந்த விவசாயக் கலகத் தலைவர். மூன்று ஆண்டு கழித்து, 1952 பிப்ரவரியில், தியென்ட்சின் பகுதியில் பெரிய பொறுப்பில் இருந்த இரண்டு பழைய போராளிகளை, அரசுப் பணத்தைக் கையாண்டதற்காகச் சுட்டுக் கொன்றார்கள். பல பேருக்குக் குலை நடுங்கியிருக்கும். ஆனால் அவர்கள் கணக்கை வெளியாள் யாரும் கேட்டுவிட முடியாது. பத்திரிகை கட்சியுடையது, நீதிமன்றமும் கட்சியுடையது. கட்சிக்கே தோன்றினால்தான் உண்டு.

கேள்வி: தப்பு செய்தோம் என்று ஒப்புக்கொண்ட புரட்சிக் கட்சி ஒன்றாவது உண்டா?

வியட்நாம். வடக்கில் நிலச் சீர்திருத்தத்தின்போது, நிலப்பிரபு என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் சாதாரண விவசாயிகளும், ஏன், கட்சிக்காரர்களுமே இருந்தார்கள். ஆயிரக்கணக்கில் மரண தண்டனை. 1956-இல் தவறு நடந்துவிட்டது என்று ஹோ சி மின் வெளிப்படையாக எழுதினார். பொதுச் செயலாளர் ட்ருவோங் சின் பதவியை விட்டார்.

ஆனால் கட்சியைவிட்டுப் போகவில்லை, மேல்மட்டத்திலேயே இருந்தார். 1960-களின் நடுவில் வின் ஃபுக் மாகாணக் கட்சிச் செயலாளர் கிம் நொக், கூட்டுப்பண்ணை நிலத்தை விவசாயக் குடும்பங்களுக்கே பிரித்து ஒப்பந்தம் விட்டுப் பார்த்தார். இது கொள்கைக்கு விரோதம் என்று 1968-இல் கடுமையாகத் தாக்கி அதை நிறுத்தவைத்தவர்களில் முதல் ஆள் இதே ட்ருவோங் சின்தான். 1986-இல் அப்போதைய பொதுச் செயலாளர் லெ துவான் இறந்ததும், எழுபத்தொன்பது வயதில் மறுபடி பொதுச் செயலாளராக வந்தார். சில மாதம்தான். அந்தச் சில மாதத்தில் பழைய பாதை சரிப்படாது என்று வாதாடி, டிசம்பர் மாநாட்டில் சீர்திருத்தத்துக்கு வழி திறந்துவிட்டுப் பதவி விலகினார். குடும்பத்துக்கு நிலத்தைப் பிரித்துவிடுவது அதற்கப்புறம் நாடு முழுக்க அரசுக் கொள்கை ஆனது. கிம் நொக் 1979-லேயே இறந்துவிட்டார். அவருக்கு ஹோ சி மின் விருது கொடுத்தது 2009-இல்.